பத்து வாரக் கல்

அத்தியாயம் 14

சென்ற ஞாயிறு பச்சை. அதற்கு முந்தின ஞாயிறும் பச்சை. இன்றைக்கும் பச்சை வந்தால் வசுந்தரா ஹைதராபாத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காலை ஒன்பதரை மணிக்கே அக்கா அனசூயா பாத்ரூம் வாசலில் வந்து நின்றுவிட்டாள். குளிப்பதற்கு அல்ல. அந்த பாத்ரூமில் மனிதர்கள் குளித்துப் பத்து வாரம் ஆகிறது. உள்ளே மார்பளவு உயரத்தில் ஒரு நீல டிரம், தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, பம்ப் முனக முனக, வீட்டு மாப்பிள்ளை தோரணையில் உட்கார்ந்திருந்தது.

"மணி பத்தாகலையா இன்னும்?"

"ஒன்பது முப்பத்தெட்டுக்கா."

"கொஞ்சம் முன்னாடியே பார்த்தா என்னடி? கல்லு கோவிச்சுக்குமா?"

"இருபத்தி நாலு மணி நேரம்னா இருபத்தி நாலு மணி நேரம்தான்."

"என் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்த்த சாஸ்திரிகூட இவ்வளவு கறார் பண்ணலை."

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வசுந்தரா விலங்கியல் படித்தவள். விசாகப்பட்டினத்தில் அவள் பாடம் நடத்திய கல்லூரி ஏப்ரலோடு அவளுக்குக் கும்பிடு போட்டுவிட்டது. ஹைதராபாத்தில் ஒரு கோச்சிங் சென்டர் கூப்பிடுகிறது. காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை மருத்துவ நுழைவுத்தேர்வுப் பாடம், அதோடு விடுதி வார்டன் வேலையும் தலையில். அவளுக்கோ கடல்மீன் தொட்டி என்றால் உயிர். பீமிலி ரோட்டில் எழும்புகிற புது ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் பன்னிரண்டு அடித் தொட்டி வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டாள். ஓட்டல் மேனேஜர் கேசவ வர்மா வெள்ளிக்கிழமை போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு உங்க வீட்டுத் தொட்டியைப் பார்க்க வர்றேன்மா. பிடிச்சிருந்தா பேசலாம்."

வீட்டுத் தொட்டி! கூடத்தில் ஆறடிக் கண்ணாடித் தொட்டி உப்புத் தண்ணீரோடு நின்றது வாஸ்தவம். ஆனால் உள்ளே ஒரு கூழாங்கல்கூட இல்லை. கல் முழுக்க டிரம்மில் கிடந்தது.

அதுவும் லேசுப்பட்ட கல் இல்லை, ஓட்டை ஓட்டையான பவளப்பாறைக் கல். கிர்லம்பூடியில் ஒரு பல் டாக்டர் தன் தொட்டியைக் கலைத்துவிட்டு, கார் ஷெட்டில் சாக்குகளில் கட்டிப் போட்டு வைத்திருந்த நாற்பது கிலோ. ஓட்டைக்கு ஓட்டை செத்த புழுவும் காய்ந்த பாசியும் அடைத்துக் கிடந்தன. முதலில் பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்ததில் மூன்றாம் மாடி வரை நாற்றம் அடித்தது. கழுவி, மொட்டைமாடியில் ஒரு வாரம் காயவைத்து, பிறகு ஆசிட்டை நீர்க்க விட்டு முக்கினார்கள். புஸ்ஸென்று நுரைத்து மேல்தோல் கரைந்து கல் வெள்ளை வெளேர் என்றானது. மறுபடி கழுவி, மறுபடி காயவைத்து, கடைசியில் உப்புத் தண்ணீர் டிரம். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்பதால்தான் பாத்ரூம், அதனால்தான் கறுப்புத் துணி. வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு குளியலறை. ஆகவே அனசூயா தினமும் துண்டும் சோப்புமாக எதிர் வீட்டு பங்காரம்மாவிடம் போய்க் குளித்துவிட்டு, பங்காரம்மாவின் மருமகள் புராணத்தையும் கேட்டுவிட்டு வருகிறாள்.

"பத்து!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. பாவா பைடிராஜு. அனசூயாவின் கணவர்.

டிரம்மிலிருந்து சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்தாள் வசுந்தரா. மீனே இல்லாத அந்தத் தண்ணீரில், மீன் இருந்து அசுத்தம் செய்த கணக்காக, நேற்றுக் காலை பத்து மணிக்கு அளவோடு அமோனியா விட்டிருந்தாள். கல்லின் ஓட்டைகளில் குடியேறியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதை ஒரே நாளில் தின்று தீர்க்க வேண்டும். தீர்த்திருந்தால் குழாய் மஞ்சள். மிச்சம் வைத்திருந்தால் பச்சை. பச்சைத் தண்ணீரில் மீனை விட்டால் விஷத்தில் விட்ட மாதிரி.

மருந்துச் சொட்டுகளை எண்ணி விட்டாள். குலுக்கினாள். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

பாவாவும் எழுந்து வந்துவிட்டார். போன ஆகஸ்டில் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு இரும்புத் தகடு நழுவி அவருடைய வலது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோனது. இருபத்தாறு வருஷம் கப்பல் பாகங்களைப் பொருத்திய மனிதர் அதற்கப்புறம் டி.வி. ரிமோட்டைத் தவிர எதையும் கையில் எடுக்கவில்லை. கல்லைக் கொண்டுவந்த அன்றைக்கு "பாவா, சாக்கைக் கொஞ்சம் பிடிங்க" என்று வசுந்தரா சும்மாதான் கேட்டாள். பிடித்தவர் விடவே இல்லை.

"பச்சையடிக்குதுடி," என்றாள் அனசூயா.

"அக்கா, ஒரு நிமிஷம்தான் ஆச்சு. வாயைக் கழுவு."

"எங்கே போய்க் கழுவ? பங்காரம்மா வீட்டுலயா?"

ஐந்து நிமிடம் ஆனதும் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள் வசுந்தரா. மூன்று தலைகளும் நெருங்கின.

மஞ்சள். சந்தேகத்துக்கே இடமில்லாத, எலுமிச்சம்பழ மஞ்சள்.

"இன்னொரு குழாய் இருக்கு, கத்தாதீங்க," என்றாள். அவள் குரல்தான் கத்தியது. அமோனியா அழியும்போது பிறக்கும் நைட்ரைட் விஷத்துக்கான இரண்டாவது சோதனை நீலமாகவே நிற்க வேண்டும், ஊதாவாக மாறக்கூடாது. அதுவும் நீலமாக நின்றது. வசுந்தரா ஈரக் கையோடு அக்காவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அனசூயாவின் புடவை முழுக்க உப்புத் தண்ணீர்.

"விடுடி! அய்யபாபோய், இடுப்பு போச்சு!" என்று கத்திக்கொண்டே அனசூயா பூஜையறைக்கு ஓடினாள். மஞ்சளும் குங்குமமும் உள்ள கிண்ணத்தோடு திரும்பினாள். "ஒரு பெரிய கல்லா எடு. பொட்டு வெச்சுடறேன்."

"அக்கா! கல்லுல குங்குமமா? பத்து வாரம் வளர்த்த கிருமி அத்தனையும் போயிடும்."

"புது ஸ்கூட்டருக்கு வெக்கறோம். மிக்ஸிக்கு வெக்கறோம். மிக்ஸி என்ன செத்தா போச்சு?"

"தொட்டிக்கு வெளியில, கண்ணாடி மேல வெச்சுக்கோ. எத்தனை வேணுமோ அத்தனை."

அனசூயா ஏழு வைத்தாள்.

பதினொரு மணிக்கு வேலை ஆரம்பித்தது. சாப்பாட்டு மேஜை மேல் பிளாஸ்டிக் விரித்து, தொட்டியின் அடிப்பரப்பு அளவுக்கு அட்டை வெட்டிப் போட்டார் பாவா. டிரம்மிலிருந்து கல் ஒவ்வொன்றாக வந்தது. கிருமிகள் காய்ந்து போகாமல் ஈரத் துண்டு போர்த்துவது அனசூயாவின் பொறுப்பு. வீட்டுத் துண்டுகள் தீர்ந்ததும் அவள் எதிர் வீட்டுக்குப் போய் நான்கு துண்டு வாங்கி வந்தாள்.

எந்தக் கல்லின் எந்த முகம் எந்தக் கல்லோடு பேசும் என்பது பாவாவுக்குத் தெரிந்தது. இடது கையால் திருப்புவார், வலது கையின் மூன்று விரலால் தடவுவார், "இது இங்கே" என்பார். கெட்டிப் பசை ஒரு சொட்டு, பிசைந்த எபாக்ஸி மாவு ஒரு உருண்டை, மறுபடி ஒரு சொட்டு. இரண்டு பக்கமும் தூண்கள் எழுந்தன. இருப்பதிலேயே பெரிய பலகைக் கல்லை இரண்டு தூண்களுக்கும் குறுக்கே படுக்கவைத்து ஒட்டினார். நாலடி நீளத்துக்கு ஒரு பாலம். அடியில் மீன் நுழைந்து வெளியேறக் குகை, மேலே விளிம்பு விளிம்பாகத் திட்டுகள். வசுந்தரா எத்தனையோ தொட்டி பார்த்தவள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"பாவா, என்ன பாவா இது!"

"சும்மா இரு மரதலு. பசை காயட்டும்," என்றார் பைடிராஜு. மச்சினியை அவர் கேலியாகக் கூப்பிட்டுப் பதினோரு மாதமாகிறது. வசுந்தராவுக்கு அழுகை வரும்போல் இருந்தது. துண்டை நனைக்கிற சாக்கில் நகர்ந்துவிட்டாள்.

இரண்டு மணிக்குப் பாலத்தைத் தூக்கினார்கள். ஆளுக்கொரு பக்கம் பாவாவும் வசுந்தராவும், நடுவில் தாங்கலாக அனசூயா. கூடத்தைக் கடந்து தொட்டிக்கு மேலே கொண்டுபோனார்கள். இறக்கப் பார்த்தார்கள்.

இறங்கவில்லை.

தொட்டியின் வாயில், சரியாக நடுவில், முன் கண்ணாடியிலிருந்து பின் கண்ணாடிக்குக் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டை. தண்ணீர் பாரத்தில் பக்கங்கள் பிதுங்காமல் இருக்க ஒட்டியது. வாங்கிய நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. பட்டைக்கு இந்தப் பக்கம் மூன்றடி திறப்பு, அந்தப் பக்கம் மூன்றடி. கையில் இருப்பதோ நாலடிப் பாலம். சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார்கள். பாலம் பட்டையில் இடித்துக்கொண்டு நின்றது.

மறுபடி மேஜைக்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

கடல்தொட்டி வைக்கிறவர்கள் எல்லோரும் வாழ்க்கையில் ஒரு தடவை செய்கிற தப்பு இது. அடியை அளப்பார்கள், உயரத்தை அளப்பார்கள், வாயை மறந்துவிடுவார்கள். வசுந்தராவுக்கு அது தெரியும். தெரிந்தும் அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பாவா கையைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். அந்தக் கையைப் பார்த்ததும் வசுந்தராவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓட்டல், ஹைதராபாத் எல்லாம் ஒரு நிமிடம் மறந்தே போயிற்று.

அனசூயாதான் வாயைத் திறந்தாள். "இருபத்தாறு வருஷமா ராத்திரிச் சோத்தோட எனக்கு ஒரு கதை சொல்வீங்களே. யாரோ ஒரு சின்ன இன்ஜினியர் மேல்தளத்தை மூடி வெல்டு வெச்சுட்டு, அப்புறமா இன்ஜினைத் தூக்கிட்டு வந்தான்னு. விழுந்து விழுந்து சிரிப்பீங்களே."

"அனசூயா..."

"இப்ப அந்த இன்ஜினியர் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்திருக்கான். நான் யார்கிட்டே போய்ச் சிரிக்க?"

பைடிராஜு மனைவியை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவருக்கு உதடு கோணியது. பிறகு வயிறு குலுங்கியது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு நாய் குரைத்தது.

"அந்த இன்ஜினியரை என்ன பண்ணினாங்க பாவா?" என்றாள் வசுந்தரா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அவனை ஒண்ணும் பண்ணலை. தளத்தை அறுத்தாங்க," என்று எழுந்தார் பைடிராஜு. "உளி எங்கே இருக்கு?"

பலகைக் கல்லின் இரண்டு மூட்டையும் கழற்ற வேண்டும். தூண்களைத் தனித்தனியாக இறக்கிவிட்டு, பலகையைச் சாய்வாக நுழைத்து, தண்ணீருக்குள்ளேயே ஒட்ட வேண்டும். மாவு காய்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. அடி தப்பினால் பலகை இரண்டாகும். அந்த அளவில் இன்னொரு கல் டிரம்மில் இல்லை.

இடது கையில் சுத்தியல், வலது கையின் மூன்று விரலில் உளி. உளி ஒரு தடவை வழுக்கியது. வசுந்தரா "நான் பிடிக்கட்டுமா" என்று கேட்க வாயெடுத்தாள். அனசூயா அவள் காலை மிதித்தாள்.

ஒரு தட்டு. இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டில் மூட்டு பிஸ்கட் மாதிரி விட்டுக்கொடுத்தது. அடுத்த மூட்டு இரண்டே தட்டில். பலகைக் கல்லில் ஒரு கீறல் இல்லை.

"பாவா!" என்று துள்ளினாள் வசுந்தரா.

"கத்தாதே. மணி என்ன பாரு."

மூன்றேகால். தூண்கள் இறங்கி, அசையாமல் உட்கார்ந்தபோது மணி நான்கு. நாலேகாலுக்குப் பாவா ஸ்டூல் மேல் ஏறி, சட்டையைக் கழற்றிவிட்டு, அக்குள் வரை தொட்டிக்குள் கையை விட்டார். பலகை சாய்வாக நுழைந்து, பட்டைக்கு அடியில் நழுவி, தூண்கள் மேல் படுத்தது. வசுந்தரா பசையும் மாவும் உருட்டி உருட்டிக் கொடுத்தாள். தண்ணீருக்குள் மூட்டு பிடிக்க அரை மணி நேரமாவது கை அசையாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை," என்றார் பாவா, தொட்டியைப் பார்த்தபடி.

அனசூயா புளிஹோரா சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். இன்னொரு ஸ்டூல் போட்டு ஏறினாள். உருண்டை பிடித்து வாயில் ஊட்டினாள்.

"கல்யாணத்தன்னிக்கு ஊட்டினது," என்றார் பாவா வாய் நிறைய.

"அன்னிக்கு நீங்க கடிச்சது இன்னும் தழும்பா இருக்கு. ஒழுங்கா மெல்லுங்க."

அழைப்பு மணி அடித்தது. மணி நாலு நாற்பது.

கேசவ வர்மா இருபது நிமிடம் முன்னதாகவே வந்து நின்றார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். கூடத்துக்குள் நுழைந்தவர் எதிரே கண்டது: குங்குமப் பொட்டு வைத்த தொட்டி, வெற்றுடம்போடு ஸ்டூல் மேல் ஒருவர், அவருக்குச் சோறு ஊட்டுகிற ஒரு அம்மாள்.

"வணக்கம் சார்," என்றார் வர்மா, ஸ்டூலைப் பார்த்து. "அக்வேரியம் பண்றது நீங்கதானா?"

"நான் வெறும் முட்டுங்க. கப்பல் சாயாம ஒரு கட்டை வெப்பாங்களே, அது," என்றார் பாவா. "பண்றது அவ. பேச வேண்டியதெல்லாம் அவகிட்டே."

வர்மா வசுந்தரா பக்கம் திரும்பினார். பிறகு தொட்டியின் பக்கம். திரும்பியவர் அங்கேயே நின்றுவிட்டார். தண்ணீர் பளிங்காகத் தெளிந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அந்த வெள்ளைப் பாலத்தின் நிழல் அலையலையாகத் தரையில் ஆடியது. வசுந்தரா காலைச் சோதனைக் குழாய்களைக் காட்டினாள். எதற்காக மஞ்சள், எதற்காகப் பத்து வாரம் என்று சொன்னாள். கடகடவென்று சொன்னாள்.

"பிரமாதம்மா," என்றார் வர்மா. "எங்களுக்கு இதேதான் வேணும். திறப்பு விழா இன்னையிலேருந்து இருபத்தோராம் நாள்."

"இருபத்தோரு நாளா?"

"சென்னையிலேருந்து ஒரு கம்பெனி மூணே வாரத்துல முடிச்சுத் தர்றேங்கறாங்க. கல்லைப் போட்டு, தண்ணியை ஊத்தி, அன்னிக்கே மீன்."

"விழா முடிஞ்ச பத்தாம் நாள் உங்க கூடத்துல மீன் செத்து மிதக்கும் வர்மா சார்."

"அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க. இந்தக் கல்லையே எடுத்துட்டு வந்துடுங்க. இது தயாரா இருக்கே. வேலை உங்களுக்கு. நாளைக்கே கையெழுத்து."

தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். கோச்சிங் சென்டர் கிடையாது, வார்டன் அறை கிடையாது, தன் ஊர், தன் வேலை. வசுந்தராவுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"எடுத்துக்கோ வசூ," என்றார் பாவா, கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலேயே. "கல்லுதானே. எனக்கென்ன."

அந்த 'எனக்கென்ன'வைக் கேட்டதும் வசுந்தராவுக்கு முடிவு தெரிந்துவிட்டது.

"இது இந்த வீட்டுக் கல்லுங்க. இது வராது," என்றாள். "தவிர, ஆறடிக்கு வளர்ந்த கிருமி பன்னிரண்டு அடிக்குப் பத்தாது. உங்களுக்கு வேற கல்லு. பத்து வாரம்."

"கொஞ்சம் குறைச்சு, ஒரு அஞ்சு வாரம்..."

"குறைப்பாளா இவ?" என்று பாய்ந்தாள் அனசூயா, புளிஹோராத் தட்டோடு ஸ்டூலிலிருந்து இறங்கி. "பத்து வாரமா நான் எதிர் வீட்டுல குளிக்கறேன்! கூடப்பிறந்த அக்கா! அக்காளுக்கே ஒரு நாள் குறைக்காதவ, ஓட்டலுக்குக் குறைப்பாளா? போன வாரம் பச்சை வந்தப்ப 'அது மஞ்சள்தான்டி, விடு'ன்னு கெஞ்சினேன். கேட்டாளா? இவ மஞ்சள்னா அது மஞ்சள்தான். அப்படிப்பட்ட ஆளு வேணும்னா இங்கே வாங்க. மூணு வாரம் வேணும்னா சென்னைக்குப் போங்க. புளிஹோரா சாப்பிடறீங்களா?"

வர்மா சாப்பிடவில்லை. "முதலாளிகிட்டே கேட்டுச் சொல்றேன்மா," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

கதவு சாத்தியதும் பாவா வெடித்தார். "புத்தி இருக்கா உனக்கு? கையில வந்த வேலையை விடுவாங்களா? ஹைதராபாத்துல போய்ப் பசங்களுக்குத் தவளையை அறுத்துக் காட்டப்போறியா?"

"கத்தாதீங்க பாவா, மூட்டு அசையும்."

"மூட்டு கிடக்குது!" என்றார். ஆனால் கை அசையவில்லை.

அனசூயா தட்டை வைத்துவிட்டுத் தங்கையின் தோளைத் தொட்டாள். தான் பேசிய பேச்சுதான் காரியத்தைக் கெடுத்துவிட்டதோ என்று அவள் முகம் சுருங்கிப்போயிருந்தது. இல்லையக்கா என்று சொல்ல வசுந்தரா வாயைத் திறந்தாள். போன் அடித்தது.

"அம்மா, வர்மா பேசறேன். கீழே கார்லதான் இருக்கேன். முதலாளிகிட்டே பேசினேன். விழாவைத் தள்ளி வைக்கலாமான்னு யோசிக்கறார். ஒரு சந்தேகம் கேக்கறார். பத்து வாரம்னா, நாளைக்கு ஆரம்பிச்சா தசராவுக்குள்ள முடிஞ்சுடுமா?"

வசுந்தரா விரல்விட்டு எண்ணினாள். எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது. "முடியும்," என்றாள்.

"காலையில பத்து மணிக்கு வாங்க. சென்னைக்காரங்களும் இருப்பாங்க. அவங்க முன்னாடியே நீங்க சொன்னதைச் சொல்லணும். கடைசி முடிவு முதலாளியோடது, நான் வாக்குக் கொடுக்கலை. இன்னொண்ணு, உங்க அக்காவைக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. பாத்ரூம் விஷயம் கேட்டு முதலாளி அவங்களைப் பார்க்கணும்ங்கறார்."

"என்னையா?" என்றாள் அனசூயா விஷயம் கேட்டு. "ஓட்டல் முதலாளிகிட்டேயா? தலைக்குக் குளிக்கணுமே, டிரம் காலியாச்சா?"

வசுந்தராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

"எனக்கு யாராவது ஒரு பதில் சொல்லுங்க," என்றார் பாவா ஸ்டூல் மேலிருந்து. "ஒரு மணி நேரமாச்சு. கையை எடுக்கலாமா?"

இருவரும் தொட்டிக்கு ஓடினார்கள். பைடிராஜு மூச்சைப் பிடித்துக்கொண்டார். முதலில் இடது கையை விலக்கினார். பிறகு வலது கையின் விரல்களை, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாக எடுத்தார்.

பாலம் நின்றது.